மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பிரித்து மறுபடி போடுவது: பழைய கூடம் மக்கள் அரங்கமாகும்போது

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், 1870-ஐ ஒட்டி எழுந்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். முகப்பையும் தூண்களையும் வரைபடம் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அந்தக் காலத்துக் கொத்தனார் அரைத்த சுண்ணாம்பும் அறுத்து வைத்த தேக்கும் ஒருமுறை போனால் போனதுதான். விழுவதற்கு முன்பே ஏணி வைத்து மாடிக்கு ஏற வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

சென்னை, புதுச்சேரி, தரங்கம்பாடி, செட்டிநாடு என எங்கே பார்த்தாலும் 19-ஆம் நூற்றாண்டுக் கூடங்களில் பல மச்சுத் தளம்தான், அதாவது மெட்ராஸ் டெரஸ். இப்போது இவற்றில் பல கச்சேரி, நாடகம், புத்தக வெளியீடு, நெசவுக் கண்காட்சி என்று பொதுப் பயன்பாட்டுக்கு வருகின்றன. இது புதிய வழக்கமும் இல்லை. கட்டடக் கலைஞர் சிசம் வடிவமைத்து நம்பெருமாள் செட்டி கட்டிய சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சுகுண விலாச சபை நாடகம் போட்டது இதற்கு முன்னோடி. ஆனால் வீடாகவோ அலுவலகமாகவோ இருந்த இடத்தில் 150 பேர் உட்காரும்போது கட்டடத்திடம் நாம் கேட்பது மாறிவிடுகிறது. சுவருக்குச் சாயம் அடித்து, மேடை போட்டு, விளக்கு மாட்டி, கடைசியில் காசு மிஞ்சினால் கூரையைப் பார்க்கலாம் என்ற வரிசையைத்தான் அதிகம் பார்க்கிறோம். அதைத் தலைகீழாக்க வேண்டும். முதல் பணம் கூரைக்கு.

அளவுகளுக்கு வசதியாக, 6 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் உள்ள ஒரு கூடத்தை வைத்துக்கொள்வோம். கூரைப் பரப்பு 90 சதுர மீட்டர். அகலத்துக்குக் குறுக்கே தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் சுமார் 45 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சட்டங்கள். சட்டங்களின் மேல் 6 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனமுள்ள சிறிய ஒட்டுச் செங்கல்கள், குத்துவாட்டில், மூலைவிட்டமாக. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துத் தட்டிய தளம். எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு.

மாடியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது

கூரையின் ஓரத்தில் ஓர் அடிச் சதுரத்துக்குத் தோண்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகச் சுர்க்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த கலவை) போட்டிருப்பார்கள். அதற்கும் மேல் ஒரு சிமென்ட் தளம், அதன் மேல் தார்ப்பாய், அதன் மேல் வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு. சுண்ணாம்புத் தளம் கன மீட்டருக்குச் சுமார் 1,800 கிலோ. 7.5 சென்டிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 135 கிலோ, 90 சதுர மீட்டருக்கு 12 டன். உத்திரம் இதைத் தாங்கத்தான் போடப்பட்டது. பின்னால் வந்த 5 சென்டிமீட்டர் சிமென்ட் தளம் மட்டும் இன்னொரு 10 டன்னுக்கு மேல். 130 வயதுத் தேக்கு அதையும் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கிறது.

எடை பாதிக் கேடு என்றால், ஈரம் மீதிப் பாதி. சுண்ணாம்புத் தளம் கொஞ்சம் நீரைக் குடிக்கும், வெயில் வந்ததும் மேலேயே விட்டுவிடும். மேலே சிமென்ட் மூடிவிட்டால் வெடிப்பு வழியாக இறங்கிய நீருக்குத் திரும்ப வழி இல்லை. அது கீழே போய் ஒட்டுச் செங்கலில் உப்பாகப் பூக்கும், சட்டத்தை ஊற வைக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் பூஞ்சைக்கு அது போதும். கரையானுக்கும் ஈர மரம்தான் பிடிக்கும்.

உத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது நடு இல்லை, இரண்டு முனைகள். சுவருக்குள் போகும் கடைசி 20, 30 சென்டிமீட்டரில்தான் அழுகல் தொடங்கும். சுத்தியால் தட்டினால் நல்ல தேக்கு கணீரென்று சொல்லும், உளுத்தது பொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் கூர்மையான ஊசிக்கோலைக் கையால் அழுத்துங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால் அங்கே மரம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு உத்திரத்தின் அடியில் முனையிலிருந்து முனைக்கு நூல் கட்டித் தொங்கலை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். 6 மீட்டர் உத்திரத்தில் 25 மில்லிமீட்டருக்கு மேல் தொங்கல் இருந்தால் பழங்கட்டடம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிட வேண்டும். தொங்கல் பழையதாக இருந்து அசையாமல் நிற்பது ஒன்று. மூன்று மாதத்தில் 2 மில்லிமீட்டர் கூடுவது வேறு. பின்னதுதான் பயப்பட வேண்டியது. அளவை ஒரே ஒரு முறை எடுத்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று இருந்தால் பிடுங்காதீர்கள். வேர் அறுந்து உள்ளே உயிரோடு நிற்கும், அடுத்த மழையில் இரண்டாகத் துளிர்க்கும். தண்டை அடியோடு வெட்டி, வெட்டிய வாய் பச்சையாக இருக்கும்போதே களைக்கொல்லி தடவி, வேர் காய்ந்து சுருங்கும் வரை சில வாரங்கள் விட்டு, அதற்குப் பிறகு வேரை உருவி எடுத்து அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்ப வேண்டும்.

பிரிப்பது

ஆபத்து அதிகமுள்ள நாட்கள் இவை. ஒவ்வொரு உத்திரத்துக்கும் அடியில் இரண்டு இடங்களில் முட்டு கொடுக்காமல் மேலே கடப்பாரை எடுக்கக் கூடாது. சவுக்குக் கட்டையோ இரும்பு முட்டோ எதுவாக இருந்தாலும் அடியில் பலகை வேண்டும். இல்லையென்றால் பழைய தரை ஓடுகளை நொறுக்கிக்கொண்டு முட்டே உட்காரும். முட்டை உத்திரத்தோடு ஒட்ட வைத்தால் போதும். பழைய தொங்கலை நிமிர்த்துகிறேன் என்று ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஒட்டுச் செங்கல் முழுவதும் பிளந்துவிடும்.

தளத்தை 1 மீட்டர் பட்டை பட்டையாக, இரண்டு ஓரத்திலிருந்தும் மாறி மாறி எடுக்க வேண்டும். இடிக்கும் எந்திரம் வேண்டாம். அதன் அதிர்வு கீழே இருக்கும் நல்ல செங்கலையும் உதிர்க்கும். உளியும் சுத்தியும் போதும். எடுத்த குப்பையை அன்றன்றே கீழே இறக்குங்கள். உடைத்த ஜல்லியை நடு மாடியில் அம்பாரமாகக் குவித்து வைப்பது எல்லா இடத்திலும் நடக்கும் தவறு. தளமாக 90 சதுர மீட்டரில் பரவியிருந்த எடை 5 சதுர மீட்டரில் வந்து உட்காருகிறது, அதுவும் முட்டு அசைந்திருக்கும் நேரத்தில்.

பழைய ஜல்லியை எறிந்துவிட வேண்டாம். சலித்து, 20 மில்லிமீட்டர் அளவில் நிற்பதைக் கழுவி வைத்தால் புதுத் தளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். சிமென்ட் ஒட்டியதை மட்டும் ஒதுக்க வேண்டும்.

மரம்

முனை மட்டும் கெட்டிருந்தால் உத்திரத்தையே மாற்றத் தேவையில்லை. கெட்ட பகுதிக்கு அப்பால் நல்ல மரம் 30 சென்டிமீட்டராவது தெரியும் வரை வெட்டி, சாய்வெட்டு மூட்டுப் போட்டு, பக்கத்துக்கு ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்து 12 மில்லிமீட்டர் போல்ட்டால் முடுக்குவது வழக்கமான முறை. தகட்டின் நீளத்தையும் போல்ட் எண்ணிக்கையையும் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும், கண் அளவில் முடிவு செய்யக் கூடாது. ஒட்டுக்குப் புதுத் தேக்கு வாங்கினால் அது காய்ந்து சுருங்கிப் போல்ட் தளர்ந்துவிடும். பழைய வீடுகளைப் பிரித்த மரம் காரைக்குடிக் கடைகளில் கிடைக்கிறது. அது நூறு வருடம் காய்ந்த மரம். விலை கூட என்றாலும் அதுவே சரி. ஆணித் துளைகளையும் பழைய பொளிவாய்களையும் (மரம் கோக்க வெட்டிய குழிகளையும்) பார்த்து, அவை மூட்டில் வராதபடி வெட்டிக்கொள்ளுங்கள்.

முனை சுவருக்குள் உட்காரும் இடத்தில் கருங்கல் தட்டு வைத்து, மூன்று பக்கமும் 20 முதல் 25 மில்லிமீட்டர் காற்றுச் சந்து விட வேண்டும். முன்பு பழுது பார்த்தவர்கள் அந்த ஓட்டையில் சிமென்ட் கலவையை அடைத்திருப்பார்கள். உறுதியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் மரத்தை ஈரச் சிறையில் வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. மரம் எல்லாவற்றுக்கும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை இரண்டு கை அடித்து, காய்ந்த பின் ஆளிவிதை எண்ணெய். வார்னிஷ் வேண்டாம்.

சுண்ணாம்பு

வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே சுண்ணாம்பு நீற்ற வேண்டும். தொட்டியில் தண்ணீர் இருக்க, அதற்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடி, கையுறை, பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர், இந்த மூன்றும் இல்லாமல் யாரையும் தொட்டியருகே விடாதீர்கள். நீற்றியதை 3 மில்லிமீட்டர் சல்லடையில் வடிகட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூடி வையுங்கள். அவசரப்பட்டு மூன்றாம் நாளே எடுத்தால் நீறாத பொடிக் கற்கள் பூச்சுக்குள் போய், இரண்டு மாதம் கழித்துச் சுவரில் அம்மைத் தழும்பு போலப் பொரிந்து விழும்.

கடற்கரை ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதைக் கலவைக்கு எடுக்கக் கூடாது. ஆற்று மணலிலும் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நல்லது. செங்கல் தூள் சேர்ப்பதாக இருந்தால் குறைவாக வெந்த செங்கலின் தூள்தான் சுண்ணாம்போடு பிடிக்கும். இன்றைய சூளையில் கருகக் கருகச் சுட்ட செங்கலை அரைத்தால் அது வெறும் சிவப்பு மணல்.

கடுக்காயும் வெல்லமும் பற்றி நிறையப் பெருமை பேசப்படுகிறது. உண்மையில் அவை என்ன செய்கின்றன என்று தெரிந்தால் அளவு தானே பிடிபடும். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் சர்க்கரையும் கலவையைக் குறைந்த தண்ணீரிலேயே குழைய வைக்கின்றன, இறுகுவதைத் தாமதப்படுத்துகின்றன. தட்டுவதற்கு நேரம் கிடைக்கிறது. தண்ணீர் குறைவதால் வெடிப்பும் குறைகிறது. நாங்கள் எடுக்கும் அளவு: 20 லிட்டர் நல்ல தண்ணீருக்குக் கொட்டை நீக்கி இடித்த கடுக்காய் 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, 10 நாள் ஊறல், வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும். வெல்லத்தை இரட்டிப்பாக்கினால் இரட்டிப்பு உறுதி வராது. தளம் வாரக்கணக்கில் இறுகாமல் கிடக்கும், எறும்பு வந்து சேரும்.

ஒட்டுச் செங்கலும் தளமும்

நல்ல ஒட்டுச் செங்கலை அசைக்காமல் விட்டு, உடைந்த பகுதிகளை மட்டும் கட்டுங்கள். சதுர மீட்டருக்கு 180 முதல் 200 செங்கல் பிடிக்கும். உடைவுக்குச் சேர்த்து 220 சொல்லி வாங்கலாம். இந்த அளவுச் செங்கல் சாதாரணச் சூளையில் இருக்காது, முன்கூட்டியே சொல்லி அறுக்கச் சொல்ல வேண்டும். சாதாரணச் செங்கலை வெட்டிப் போட்டால் வெட்டிய முகத்தில் கலவை பிடிக்காது, எடையும் கூடும். செங்கலைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மேல் ஈரம் அடங்கிய பிறகு எடுத்து, ஒரு மூலையிலிருந்து மூலைவிட்டமாக, ஒவ்வொன்றையும் முந்தியதன் மேல் கலவையோடு அழுத்தி ஒட்டிக்கொண்டே போவார்கள். தேர்ந்த கொத்தனாருக்கு அடியில் பலகை தேவைப்படாது. அப்படிப்பட்ட கை இப்போது குறைவு. கிடைக்கவில்லை என்றால் கூச்சமில்லாமல் பலகை கட்டிக்கொள்ளுங்கள். கட்டிய பகுதியில் பத்து நாளாவது யாரும் நடக்கக் கூடாது.

அடுத்து வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சாய்வு. இதில் கணக்குத் தவறினால் மற்ற எல்லா உழைப்பும் வீண். 40-க்கு 1 வாட்டம் வேண்டும் என்று வைத்தால், 6 மீட்டரில் ஒரே பக்கமாகத் தண்ணீரை விட 15 சென்டிமீட்டர் ஏற்றம் வேண்டும். அதை ஜல்லிக் கனத்திலேயே கொண்டுவந்தால் தாழ்ந்த ஓரத்தில் 7.5, உயர்ந்த ஓரத்தில் 22.5, சராசரி 15 சென்டிமீட்டர். ஜல்லித் தளத்தின் எடை அப்படியே இரண்டு மடங்கு. பழையவர்கள் உத்திரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சாய்வாகச் செதுக்கிய மரத்தைக் கொடுத்து வாட்டத்தை மரத்திலேயே வைத்தார்கள். அது கெட்டிருந்தால் அதையே புதிதாகச் செதுக்கிப் போடுங்கள். முடியாத இடத்தில் நடுவில் முகடு வைத்து இருபக்கமும் தண்ணீரைப் பிரித்து விடலாம். அப்போது ஏற்றம் 7.5 சென்டிமீட்டர்தான்.

தளத்துக்கான விகிதம் தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறை நெடுங்காலமாகப் பின்பற்றுவது: 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு, மணல் சேர்க்காமல் நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, எல்லாம் கன அளவில். தட்டினால் 10 சென்டிமீட்டர் 7.5 ஆக இறங்கும். எனவே 10 சதுர மீட்டருக்கு ஜல்லி 1 கன மீட்டர், சுண்ணாம்பு சுமார் 0.39 கன மீட்டர். நம் கூடத்துக்கு முழுவதும் போடுவதானால் ஜல்லி 9, சுண்ணாம்பு 3.5 கன மீட்டர். ஜல்லியை முதல் நாள் இரவே நனைத்துவிட வேண்டும். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கலவையைப் பொடியாக்கிவிடும். கலந்த குவியலை ஈரம் போகாமல் மூடி, தினம் ஒருமுறை புரட்டி, நாலு நாள் கழித்து விரிப்பது எங்கள் முறை.

பிறகு தட்டுவது. சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து, கைப்பிடி வைத்த மரக்கட்டையால், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு. முதல் நாள் பலமாக, இரண்டாம் நாள் நெருக்கமாக, மூன்றாம் நாள் கடுக்காய் நீர் தெளித்து மெதுவாக. நாளை விட அறிகுறிதான் முக்கியம். கட்டை பதியாமல் எகிற வேண்டும், அடிக்கும் ஓசை கனத்ததிலிருந்து தெளிந்ததாக மாற வேண்டும், சுண்ணாம்புப் பால் மேலே மினுங்க வேண்டும். அது வரவில்லையென்றால் நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் தட்டுங்கள். கூலியை மிச்சப்படுத்த அதிர்வுத் தகடு எந்திரத்தை ஏற்றுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஒரு நாளில் வேலை முடியும், அடியில் ஒட்டுச் செங்கல் முழுவதும் தளர்ந்திருக்கும்.

தட்டி முடித்ததும் ஈரச் சாக்கு, குறைந்தது 10 நாள். மேலே சுண்ணாம்புக் கலவையில் தட்டோடு, இடைவெளி குறுகலாக. கைப்பிடிச் சுவர் தளத்தைச் சந்திக்கும் மூலையில் 10 சென்டிமீட்டர் சாய்வுப் பட்டை கட்டாயம். மறுபடி ஒழுகத் தொடங்கிய கூரைகளில் நீர் இறங்கும் இடம் பெரும்பாலும் அந்த மூலைதான். 40 சதுர மீட்டருக்கு ஒரு 100 மில்லிமீட்டர் தூம்பு (மழைநீர் வெளியேறும் குழாய்) என்று வைத்தால் நம் கூரைக்கு மூன்று, ஒன்று அடைத்தாலும் சமாளிக்க நான்கு. தூம்பின் வாய் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டராவது வெளியே நீள வேண்டும்.

காலம்

தை பிறந்ததும் பிரித்து, பங்குனிக்குள் தளம் தட்டி முடிப்பது வடகிழக்குப் பருவமழை பெய்யும் கரைக்கு ஏற்றது. அக்னி நட்சத்திரத்தில் தட்டினால் மேல் காய்ந்து உள் பச்சையாக நின்று, வலை போல வெடிக்கும். ஐப்பசியில் தட்டினால் கழுவிக்கொண்டு போகும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக் கல்லாக மாற மாதங்கள் ஆகும். மார்கழிக் கச்சேரிக்குத் திறந்தாக வேண்டும் என்று அழைப்பிதழ் அச்சடித்துவிட்டு ஆவணியில் கொத்தனாரைத் தேடுகிறவர்கள், வேறு வழியில்லாமல் சிமென்ட்டில் போய் முடிகிறார்கள். அந்த ஒரு அவசரம் கட்டடத்தின் ஆயுளில் பல பத்தாண்டுகளைக் குறைத்துவிடுகிறது. முதல் நிகழ்ச்சியின் தேதியைத் தளம் காய்ந்த பிறகு குறியுங்கள்.

அரங்கமாக்கும்போது

இந்தியத் தர விதிப்படி குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் சுமை கணக்கிடுவார்கள். நிலையான இருக்கை இல்லாத கூட்ட அரங்குக்கு அது 500 கிலோ. வீடாகக் கட்டிய மச்சின் மேல் தளத்தில் ஜமுக்காளம் விரித்து நூறு பேரை உட்கார வைப்பதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டம் தரைத் தளத்தில், கண்காட்சியும் படிப்பறையும் மேலே என்று பிரிப்பதுதான் பாதுகாப்பு. மொட்டை மாடியில் கூட்டம் வேண்டவே வேண்டாம்.

மேடை விளக்கை உத்திரத்தில் ஆணியடித்துத் தொங்கவிடாதீர்கள். உத்திரத்தின் நடுப்பகுதியில் அடி விளிம்புதான் அதிகம் இழுபடும் இடம், அங்கே துளை கூடாது. தரையில் நிற்கும் கம்பச் சட்டகத்தில் விளக்கை மாட்டலாம். மின்கம்பியைச் சுவரைக் கொத்திப் புதைக்காமல் வெளியே குழாயில் கொண்டு போங்கள். மேடைக்குத் தனி இணைப்பு, தனி மின்கசிவு முறிப்பான். சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் 2012 ஜனவரியில் பிடித்த தீ, மரக்கூரைக் கட்டடத்தில் நெருப்பு எவ்வளவு வேகமாகப் போகும் என்று காட்டியது. தீயை அணைக்கப் போன தீயணைப்புத் துறையினர் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே கூடத்துக்கு இரண்டாவது வெளிவாசல் இருந்தே ஆக வேண்டும், நிகழ்ச்சி நேரத்தில் அது பூட்டாமலும் இருக்க வேண்டும்.

குளிர்சாதனத்துக்காக மேல் சாளரங்களைக் கண்ணாடி போட்டு அடைப்பதையும் தவிர்க்கச் சொல்வோம். உத்திரங்கள் காய்ந்து கிடப்பது அந்தச் சாளரங்களால்தான். எதிரொலி அதிகம் என்றால் பின்சுவரில் கனமான பருத்தித் திரை, தரையில் பவானி ஜமுக்காளம் இரண்டும் பெருமளவு அடக்கும். சுவருக்குப் பஞ்சுப் பலகை ஒட்டினால் பின்னால் ஈரம் சேரும்.

தளம் போட்டு 28 நாள் கழித்து, முட்டுகளை எடுப்பதற்கு முன், தூம்புகளை அடைத்து 25 மில்லிமீட்டர் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். அதற்கு மேல் உயரம் வேண்டாம், தண்ணீரும் எடைதான். வாட்டம் வைத்த கூரையில் தண்ணீர் தாழ்ந்த ஓரங்களில்தான் நிற்கும், மேட்டுப் பகுதிக்கு ஈரச் சாக்கைப் போட்டு விடாமல் நனைக்க வேண்டும். அடியில் ஈரம் தெரிந்த ஒட்டுச் செங்கலைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, வட்டத்துக்குள் தேதி எழுதுங்கள். ஐப்பசியில் முதல் கனமழை பெய்த மறுநாள் காலை விளக்கோடு மறுபடி அண்ணாந்து பார்த்து, அதே வட்டங்கள் விரிந்திருக்கின்றனவா, காய்ந்திருக்கின்றனவா என்று குறித்து வையுங்கள். தொங்கல் அளந்த நூலையும் அன்றைக்கே திரும்பக் கட்டி அளந்துவிடலாம்.